பேய்க்கும் காதல் வரும்... நமக்குச் சிரிப்பு வரும்!

தூண்கள் மேல் உயரமாகக் கட்டிய மரவீடு. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து மிளகாய் இடித்துக்கொண்டிருக்கிறாள். கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவி, பலகை இடுக்கு வழியாகக் கீழே தரையில் விழுந்துவிடுகிறது. நாமாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போய் எடுத்து வருவோம். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுகிறாள். கை நீள்கிறது... நீள்கிறது... தரை வரைக்கும் போய்ப் பழத்தை எடுத்துக்கொண்டு மேலே வருகிறது. தூரத்திலிருந்து இதைக் கணவன் பார்த்துவிடுகிறான்.

தாய்லாந்தில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லும். அவள் பெயர் நாக். கணவன் பெயர் மாக். ஊர், இன்றைய பாங்காக்கின் ஒரு பகுதியாகிவிட்ட பிரகனோங். மாக் போருக்குப் போன நேரத்தில் பிரசவ வலி கண்டு தாயும் சேயும் இறந்துபோகிறார்கள். விஷயம் தெரியாமல் திரும்பி வரும் கணவனை, எதுவுமே நடக்காததுபோல வாசலில் நின்று வரவேற்கிறாள் நாக். சமைக்கிறாள், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிறாள், குடும்பம் நடத்துகிறாள். கடைசியில் காட்டிக்கொடுத்தது ஒரு எலுமிச்சம்பழம்!

இந்தக் கதையைத் தாய்லாந்துக்காரர்கள் எத்தனையோ முறை படமாக எடுத்துவிட்டார்கள். 1999-ல் நோன்ஸீ நிமிபுத்ர் இயக்கிய ‘நாங் நாக்’ சோகமும் திகிலுமாகப் பார்ப்பவர்களை உறைய வைத்தது. அதன் பிறகு இதில் எடுக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2013-ல் பான்ஜோங் பிசந்தனகுன் என்ற இயக்குநர் அதே கதையை எடுத்தார், காதல் காமெடியாக! படத்தின் பெயர் ‘பி மாக்’. 100 கோடி பாட் வசூலைத் தாண்டிப்போய், தாய்லாந்து சினிமாவின் சாதனைப் படமானது.

அந்த இயக்குநர் நமக்கும் தூரத்துச் சொந்தம்தான். தோள்மேல் பேய் உட்கார்ந்திருக்கும் காட்சியால் உலகையே அலறவிட்ட ‘ஷட்டர்’ (2004) படத்தின் இரண்டு இயக்குநர்களில் ஒருவர் இவர். அந்தப் படம்தான் 2007-ல் தமிழில் ‘சிவி’ ஆனது. அப்படி பயமுறுத்திய மனிதர், ஒன்பது வருடம் கழித்து அதே பேயை வைத்து ஊரையே சிரிக்க வைத்தது எப்படி?

‘மச்சான்... உன் பொண்டாட்டி பேய்டா!’

‘பி மாக்’ படத்தில் மாக் தனியாகத் திரும்பி வருவதில்லை. போர்முனையில் பழக்கமான நான்கு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறான். வெற்றிலைக் காவி ஏறிக் கறுத்துப்போன பற்கள், ஆளுக்கொரு விதமான சிகை, வீரத்தைவிட வாய்தான் அதிகம். இந்த நால்வரும் எதிர்வீட்டில் தங்குகிறார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இவர்களை ஒதுக்குகிறது. ‘நாக் செத்துப்போய்விட்டாள்’ என்பது மெல்ல மெல்ல நண்பர்களுக்குப் புரிகிறது. இப்போது பிரச்னை என்னவென்றால், இதை மாக்கிடம் யார் சொல்வது?

யோசித்துப் பாருங்கள். ‘உன் மனைவி உன்னை ஏமாற்றுகிறாள்’ என்று சொல்வதே கஷ்டம். ‘உன் மனைவி உயிரோடு இல்லை, நேற்று நீ சாப்பிட்ட சாப்பாடு அவள் சமைத்ததுதான்’ என்று எப்படிச் சொல்வது? அதுவும், அவள் பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது? இந்த ஒரே ஒரு தர்மசங்கடத்தை வைத்துப் பாதிப் படத்தை ஓட்டிவிடுகிறார்கள். நடுவில், ‘ஒருவேளை பேய் அவள் இல்லையோ, மாக்தானோ?’ என்று ஒரு குழப்பம். பிறகு நால்வரும் ஒருவரையொருவரே சந்தேகப்பட ஆரம்பிக்கிறார்கள். வயிறு வலிக்கும்.

கடைசி அரைமணி நேரத்தில்தான் படம் யார் என்று தெரியும். (பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்!) மாக்குக்கு உண்மை எப்போதோ தெரிந்திருக்கிறது. மனைவி இறந்தது தெரிந்துதான், தெரியாதவன் மாதிரி அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான். பேயைப் பார்த்து வரும் பயத்தைவிட, அவள் இல்லாத வீட்டை நினைத்து வரும் பயம் அவனுக்குப் பெரிது. இரண்டு மணி நேரம் ‘இவ்வளவு அப்பாவியா?’ என்று நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோமோ, அவன்தான் அங்கே எல்லோரையும்விட விவரம் தெரிந்தவன். பழைய கதையில் துறவி வந்து நாக்கை அடக்குவார். இந்தப் படத்தில் யாரும் யாரையும் விரட்டுவதில்லை. பேயும் மனிதனும் சேர்ந்தே வாழ்கிறார்கள். ஊர்க்காரர்கள்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது!

பேய்க் காதல் காமெடிகளின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. திகில் படத்தில் செத்தவர் திரும்பி வருவது ஆபத்து. இந்தப் படங்களில் அதுதான் ஆசை. வீட்டில் யாரையாவது பறிகொடுத்த எல்லோருக்கும், வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும், ‘ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போக மாட்டாரா’ என்ற நினைப்பு இருக்கும். அதை நேரடியாகப் படமாக எடுத்தால் பார்ப்பவர்கள் அழுதுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சிரிப்பைக் கலந்து கொடுத்தால்தான் இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார முடியும்.

தொட முடியாது, பேச மட்டும்தான்!

இந்த வகைப் படங்களுக்கென்று சில சட்டதிட்டங்கள் உண்டு. பேய் ஒருவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஹீரோ பேயோடு பேசும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவன் காற்றோடு பேசுவதுபோல இருக்கும். மேலதிகாரி முன்னால், பெண் பார்க்கப் போன இடத்தில், போலீஸ் ஸ்டேஷனில் என்று எங்கே வைத்தாலும் இந்தக் காமெடி வேலை செய்யும். (ஒரு சின்ன வருத்தம்: இப்போது தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவர் யாரைப் பார்த்தாலும் காதில் ப்ளூடூத் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பாவம், பேய்ப்பட இயக்குநர்களுக்கு ஒரு நல்ல ஜோக் கையைவிட்டுப் போய்விட்டது.)

இன்னொரு விதி, பெரும்பாலும் பேயைத் தொட முடியாது. கை வைத்தால் கை அந்தப் பக்கம் போய்விடும். காதல் கதைக்கு இது பெரிய முட்டுக்கட்டையாயிற்றே என்று தோன்றும். உண்மையில் அதுதான் வரம். தொட முடியாத இருவர் என்னதான் செய்வார்கள்? பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கிண்டலடிப்பார்கள், மறுபடியும் பேசுவார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ரிமோட்டைத் தேடாமல் பார்க்கக்கூடிய காதல் படம் வேண்டுமா? பேய்க் காதலைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு உச்சபட்ச உதாரணம், 1947-ல் வந்த ஹாலிவுட் படமான ‘த கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’. கறுப்பு வெள்ளைப் படமா என்று ஸ்க்ரால் செய்துவிடாதீர்கள். இயக்குநர் ஜோசப் எல். மான்கீவிச். கதை நடப்பது 1900-களின் தொடக்க இங்கிலாந்தில். லூசி என்ற இளம் விதவை, மாமியார், நாத்தனார் பிடுங்கல் தாங்காமல் குட்டி மகளையும் வேலைக்கார அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடலோர ஊருக்குத் தனிக்குடித்தனம் போகிறாள். வாடகை மலிவாக ஒரு வீடு கிடைக்கிறது. மலிவுக்குக் காரணம், உள்ளே ஒரு பேய். இறந்துபோன கப்பல் கேப்டன் டேனியல் கிரெக்.

கேப்டனுக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று ஊர் பேசுகிறது. உண்மையில் தூக்கத்தில் கால் பட்டு எரிவாயு அடுப்பு திறந்துகொண்டதால் செத்துப்போனார். ‘ஒரு கப்பல் கேப்டன் இப்படியா சாவது?’ என்ற எரிச்சலிலேயே வீட்டைச் சுற்றி வருகிறார். வாடகைக்கு வரும் எல்லோரையும் விரட்டியவரால் லூசியை மட்டும் விரட்ட முடியவில்லை. அவள் பயப்பட மாட்டேன் என்கிறாள். பதிலுக்குச் சண்டை போடுகிறாள்.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லூசிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி மாமியார் வீட்டுக்கே போக வேண்டிய நிலை. கேப்டன் ஒரு யோசனை சொல்கிறார்: ‘என் கடல் அனுபவங்களைச் சொல்கிறேன். நீ டைப் செய். புத்தகமாக விற்கலாம்.’ பேய் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள். மாலுமி பாஷை சும்மா இருக்குமா? ஓர் இடத்தில் எழுதக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்கிறார் கேப்டன். அவள் மாட்டேன் என்கிறாள். அவர் பிடிவாதம் பிடிக்கிறார். கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நான்கே நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். வார்த்தை என்ன என்று நமக்குக் காட்டுவதே இல்லை. டைப்ரைட்டரின் நான்கு ‘டக்’ சத்தம்தான். அதற்கே சிரித்துவிடுகிறோம். புத்தகம் விற்கிறது, வீடு அவளுக்கே சொந்தமாகிறது. ஒரு பெண் தன் காலில் நிற்க உதவிய காதலன் என்று பார்த்தால், சினிமாவில் உயிரோடு இருந்த பல ஹீரோக்களைவிட இந்தச் செத்துப்போனவர் தேவலை!

ஆனால் கேப்டனால் அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்க முடியாது. அது அவருக்கே தெரியும். உயிரோடு இருக்கும் ஒருவன் அவள் வாழ்க்கையில் வரும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் அவள் அருகில் நின்று, ‘இதெல்லாம் நீ கண்ட கனவு’ என்று சொல்லிவிட்டு மறைகிறார். வந்தவன் ஏற்கெனவே கல்யாணமானவன், ஏமாற்றுக்காரன் என்று பிறகு தெரிகிறது. வருடங்கள் ஓடுகின்றன. லூசிக்கு வயதாகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிகிறது. அப்போது கேப்டன் வருகிறார், கை நீட்டுகிறார். இளமையான லூசி எழுந்து அவரோடு நடந்து போகிறாள். சாவு ஒன்றை ‘சுபம்’ போட்டு முடித்த படம்!

இந்தப் படத்தில் கேப்டனாக நடித்த ரெக்ஸ் ஹாரிசனுக்குப் பேய்கள் புதிதல்ல. இரண்டு வருடம் முன்பு, 1945-ல் வந்த ‘ப்ளைத் ஸ்பிரிட்’ படத்தில் இவர் பேயிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் கணவர். ஆவிகளோடு பேசுகிறேன் என்று சொல்லும் ஒரு வேடிக்கையான அம்மாவை விருந்துக்கு அழைக்கப்போய், இறந்துபோன முதல் மனைவி உண்மையாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். இரண்டாவது மனைவி பக்கத்தில் உயிரோடு இருக்கிறாள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு இரண்டாவது மனைவியும் பேயாகி, இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் படுத்தும் பாடு இருக்கிறதே... ‘இரு மனைவி’ காமெடிகளைக் கரைத்துக் குடித்த தமிழ் ரசிகர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

குண்டு விழுந்த ஊரில் பேய் காமெடி

‘ப்ளைத் ஸ்பிரிட்’ முதலில் நாடகம். நோயல் கவர்ட் எழுதியது. லண்டனில் அது அரங்கேறிய வருடம் 1941. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில்தான் ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாக லண்டன் மேல் குண்டு போட்டிருந்தன. துக்க வீடு இல்லாத தெரு குறைவு. அந்த ஊரில், அந்த நேரத்தில், செத்துப்போன மனைவி திரும்பி வந்து கலாட்டா செய்யும் காமெடி நாடகம்! ரசிகர்கள் அடிக்க வந்திருக்க வேண்டாமா? டிக்கெட் எடுத்து வந்து சிரித்தார்கள். போர் முடிந்த பிறகும் ஓடி, லண்டனில் மட்டும் 1,997 காட்சிகள் நடந்தன.

சாவைக் கேலி செய்யவா அவர்கள் வந்தார்கள்? இல்லை. அந்த நாடகத்தில் செத்தவர்கள் சோகமாக இல்லை. பழைய கோபம், பழைய பொறாமை, பழைய குறும்பு எதுவும் குறையாமல் வந்து நிற்கிறார்கள். உயிரோடு இருந்தபோது எப்படிச் சண்டை போட்டார்களோ அப்படியே போடுகிறார்கள். போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டால் நாம் எல்லோரையும் தெய்வமாக்கிவிடுகிறோம். ஆனால் மனதுக்குள் நாம் தேடுவது தெய்வத்தை அல்ல. காபியில் சர்க்கரை குறைந்தால் கத்துவாரே, அந்த ஆளைத்தான்.

2020, 2021 கொரோனா நாட்களில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஆட்களின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமலேயே அனுப்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்ததுதான் கடைசி. ‘பார்த்துப் போயிட்டு வா’ என்பதுதான் கடைசிப் பேச்சு. அந்த வீடுகளில் இன்னும் பேசி முடிக்காத விஷயங்கள் நிறைய இருக்கும். பேய்க் காதல் படங்கள் எல்லாவற்றிலும் பேய் திரும்பி வருவது இந்தப் பேசி முடிக்காத விஷயத்துக்காகத்தான்.

இதே காரணத்தால், 2005-ல் வந்த ‘ஜஸ்ட் லைக் ஹெவன்’ மீது எனக்குச் செல்லமான கோபம் உண்டு. ரீஸ் விதர்ஸ்பூனும் மார்க் ரஃபலோவும் அவ்வளவு அழகாகச் சண்டை போடுவார்கள். மனைவியை இழந்து சோபாவே கதி என்று கிடக்கும் ஒருவனின் வாடகை வீட்டில், ‘இது என் வீடு, முதலில் டீ கப்புக்கு அடியில் ஏதாவது வை’ என்று அதட்டும் பெண் ஆவி. கடைசியில் பார்த்தால் அவள் சாகவே இல்லை, கோமாவில் இருக்கிறாள்! கலகலப்பான படம்தான். ஆனாலும், விளையாட்டில் அழுகுணி ஆடிய மாதிரி ஒரு உணர்வு.

அழுகுணி ஆடாத ஒரு இந்திப் படம் சொல்லட்டுமா? அனுஷ்கா ஷர்மா பேயாக நடித்து, அவரே தயாரிப்பாளராகவும் இருந்த ‘ஃபில்லௌரி’ (2017). கனடாவிலிருந்து கல்யாணத்துக்காக பஞ்சாப் வரும் மாப்பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம். பரிகாரமாக முதலில் ஒரு மரத்துக்குத் தாலி கட்டச் சொல்கிறார்கள். நம் ஊரில் வாழைமரத்துக்குக் கட்டச் சொல்வார்களே, அதேதான். கட்டி முடித்ததும் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அந்த மரத்தில் 98 வருடமாக ஒரு பெண் பேய் குடியிருந்தது யாருக்குத் தெரியும்? இப்போது அவள் இந்த மாப்பிள்ளையின் ‘முதல் மனைவி’. தங்க நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறாள். இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் அலறும் காட்சிகள் எல்லாம் அக்மார்க் காமெடி.

பிறகு அவள் கதை மெதுவாகத் திறக்கிறது. கவிதை எழுதிய கிராமத்துப் பெண் ஷஷி. அதைப் பாடிய பாடகன் ரூப் லால். பாட்டை ரெக்கார்டு செய்யப் போனவன் பைசாகி நாளுக்குள் வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். வரவே இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தபடியே அவள் உயிர் போகிறது. அவன் ஏன் வரவில்லை? வருடத்தையும் ஊரையும் கூட்டிப் பாருங்கள். அமிர்தசரஸ், 1919, ஏப்ரல் 13, பைசாகி. ஜாலியன்வாலா பாக்! பேய்க்கே தெரியாத அந்த உண்மையை, உயிரோடு இருக்கும் ஒரு பெண் கண்டுபிடித்துச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டுக் கோபம், ‘அவன் ஏமாற்றவில்லை’ என்ற ஒற்றைத் தகவலில் கரைந்துபோகிறது. படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. முதல் பாதி கொஞ்சம் இழுக்கும். அந்தக் கடைசிக் காட்சிக்காக மன்னிக்கலாம்.

நம்ம ஊர் பேய்கள் ஏன் எப்போதும் கோபமாகவே இருக்கின்றன?

தமிழுக்கு வருவோம். நமக்கும் இதில் ஒரு முன்னோடி உண்டு. 1979-ல் வந்த ‘கல்யாணராமன்’. ஜி.என்.ரங்கராஜன் இயக்கம், பஞ்சு அருணாசலத்தின் கதை, இளையராஜா இசை. தூக்கிய முன்பற்களும் வெள்ளை மனசுமாக வரும் கல்யாணம், சொத்துக்கு ஆசைப்பட்டவர்களால் கொல்லப்பட்டு ஆவியாகிறான். ஸ்டைலான இரட்டைச் சகோதரன் ராமனைத் தேடி வருகிறான். இரண்டுமே கமல்ஹாசன். காதலி ஸ்ரீதேவி. கல்யாணம் பேயான பிறகும் அதே அப்பாவிதான், அதே பற்கள்தான். பேயைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று குழந்தைகளைச் சொல்ல வைத்தது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தப் பேய்க்கு இருந்த மவுசில், 1985-ல் எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்று கப்பலேற்றிவிட்டார்கள்.

பிறகு 2007-ல் ‘முனி’, 2011-ல் ‘காஞ்சனா’ என்று ராகவா லாரன்ஸ் பாதை போட்டார். 2014-ல் ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’ இரண்டும் வந்து ஓடியதும், கோடம்பாக்கத்தில் ஒரு பாழடைந்த பங்களாகூட வாடகைக்குக் கிடைக்காத நிலை. இந்தப் படங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தியேட்டரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கத்திச் சிரித்த அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால், வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். முதல் பாதி காமெடி. இடைவேளையில் பேய் உடம்புக்குள் இறங்கும். இரண்டாம் பாதியில் ஃப்ளாஷ்பேக்: அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவர். பிறகு பழிவாங்கல், கடைசியில் அம்மன் பாட்டு. இதில் காதல் எங்கே? இரண்டு டூயட்டில். காதலிப்பவர்கள் வேறு, பேய் வேறு. பேய்க்கு வில்லனோடுதான் வேலை, காதலோடு வேலையே இல்லை.

‘காஞ்சனா’வின் ஃப்ளாஷ்பேக்கில் சரத்குமார் ஏற்ற திருநங்கை பாத்திரம் போல, அந்த வார்ப்புக்குள்ளேயே மனதில் நின்றவர்களும் உண்டு. காதலையும் பேயையும் நேராக முடிச்சுப் போட்ட படங்கள்தான் குறைவு. சந்தானத்தின் ‘தில்லுக்கு துட்டு 2’ (2019) நினைவிருக்கிறதா? ஹீரோயினிடம் யார் காதலைச் சொன்னாலும் அடுத்த நிமிடம் பேய் வந்து துவைத்து எடுத்துவிடும். ராம்பாலா யோசித்த ஒரு வரி இது. பெண்ணின் அப்பா, அண்ணன், ஊர்ப்பஞ்சாயத்து என்று தமிழ் சினிமாக் காதலுக்கு வந்த அத்தனை எதிர்ப்பையும் ஒரே பேய்க்குள் அடக்கிவிட்டார்! கதை பிறகு வழக்கமான மந்திரவாதி ரூட்டில் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, 2016-ல் வந்த ‘ஹலோ நான் பேய் பேசுறேன்’. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் பெண்ணின் செல்போனைத் திருடுகிறான் ஹீரோ வைபவ். அந்த போன் வழியாகவே அவள் (ஓவியா) பேயாக வந்து சேர்கிறாள். அவன் காதலிக்கும் பெண்ணாக ஐஸ்வர்யா ராஜேஷ். அவர் வீட்டுக்காரர்களுக்கோ சாவு வீட்டில் ஆடும் குத்து என்றால் உயிர். சாவுக்கு ஆடும் குடும்பத்துப் பெண்ணைக் காதலிக்கும் பையன் பின்னால் ஒரு பேய்! சென்னை மண்ணிலிருந்து தவிர வேறெங்கிருந்தும் இந்தக் கதை வந்திருக்க முடியாது. படத்தில் எல்லா ஜோக்கும் குடும்பத்தோடு பார்க்கத் தோதானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசனை அசல்.

சாவு வீட்டில் பறை அடித்து ஆடிக் கொண்டாடி அனுப்பும் வழக்கம் உள்ள நமக்கு, இறந்தவர்களோடு சிரித்துப் பேசும் காதல் கதை கஷ்டமே இல்லையே என்று தோன்றுகிறது. வட தமிழ்நாட்டில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் இறந்துபோன பெண்ணை நினைத்துப் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவது. ‘உன் வீட்டுக் கல்யாணம், நீயும் வா’ என்று கூப்பிடுவதுபோல. கிராமத்துச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காக வைக்கப்பட்டது அது. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போய்விட்டாளே என்று, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல். இப்படி யோசித்த ஊரிலிருந்து, பழிவாங்காத ஒரு பேய், காதலோடு திரும்பி வந்த ஒரு பேய், ஏன் அடிக்கடி திரையில் வருவதில்லை?

கொரியன் சீரியல் பார்க்கும் தங்கைகளுக்கு இந்த ஏக்கம் தேவையில்லை. 2015-ல் வந்த ‘ஓ மை கோஸ்ட்’ 16 எபிசோடும் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கவலை. ஓட்டல் சமையலறையில் உதவியாளராக இருக்கும் கூச்ச சுபாவப் பெண். யார் கண்ணையும் பார்த்துப் பேச மாட்டாள். பேய்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அவள் உடம்புக்குள் வாயாடிப் பெண் பேய் ஒன்று புகுந்துகொள்ள, திடீரென்று தலைமை சமையல்காரரை விரட்டி விரட்டிக் காதலிக்க ஆரம்பிக்கிறாள். அவருக்கு வந்த காதல் எந்தப் பெண் மேல், கூச்சப்படுபவள் மேலா, வாயாடி மேலா? பார்க் போ யங் இரண்டாகவும் நடித்துத் தள்ளியிருப்பார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, அந்தப் பேய்ப் பெண் வேறொருத்தியின் உடம்பில் தன் அப்பாவின் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் நிற்கும் காட்சிகள்தான். எதிரே நிற்பது தன் மகள் என்று அப்பாவுக்குத் தெரியாது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘கல்யாணராமன்’. நண்பர்கள் கூட்டம் என்றால் ‘பி மாக்’. சப்டைட்டில் படிக்கச் சோம்பல் கூடாது. தாத்தா பாட்டியோடு ஞாயிறு மதியம் என்றால் கேப்டன் கிரெக்கை அழைத்து வாருங்கள். பக்கத்தில் ஒரு கர்ச்சீப் இருக்கட்டும்.

பாங்காக்குக்கு டூர் போகிறவர்கள் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் வருவதில்லை. அடுத்த முறை நேரம் இருந்தால் பிரகனோங் பக்கம், கால்வாய்க் கரையில் இருக்கும் மஹாபுட் கோயிலுக்கும் போய் வாருங்கள். அங்கேதான் நாக்குக்குச் சந்நிதி இருக்கிறது. கையில் குழந்தையோடு, பொன் தகடு ஒட்டிய சிலை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கலில் தாங்கள் தேர்வாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ள இளைஞர்கள் வருவார்கள். கணவனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தவித்தவளுக்குத்தானே அது புரியும்! அவளுக்குப் புதுத்துணி வைக்கிறார்கள். குழந்தைக்குப் பொம்மைகள் வைக்கிறார்கள். தனியாக இருந்தால் போரடிக்குமே என்று, அவள் முகத்துக்கு நேராக ஒரு டி.வி. பெட்டியையும் வைத்து ஓடவிட்டிருக்கிறார்கள்.